அண்ணனின் பீடியை அடுப்பில் போட்ட நாள்

எழுபதுகளில் நடந்தது. கடத்தூரில் நானும் மனநிலை சரியில்லாத என் அண்ணனும் மட்டும்தான் வீட்டில் இருந்தோம். காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருப்பதாக அண்ணன் சொல்வார். சேலத்து ஆஸ்பத்திரி மாத்திரை அதைக் கொஞ்சம் அடக்கியது. பீடியைத்தான் அடக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. விரல்களில் சூட்டுக் கொப்புளம், வேட்டியெல்லாம் ஓட்டை, ஓயாத இருமல்.

ஒரு நாள் காலையில் பற்றவைத்த பீடியோடு அவர் கண்ணயர்ந்துவிட, பாய் கருகியது. ஆத்திரத்தில், வீட்டில் இருந்த பீடிகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். அண்ணன் எழுந்து வெளியே போனார்.

மதியம்வரை தேடினேன். பஸ் ஸ்டாண்டில், யார் யாரோ எறிந்த துண்டுப் பீடிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, அதுல அப்படி என்னதான் இருக்குதுங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சும்மா உக்காந்திருந்தா காதுல திட்டறாங்க பாப்பா. நீ பேசறப்ப பீடி நெனப்பே வர்றதில்ல. நீதான் பேசறதே இல்லயே" என்றார்.

அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டிருந்தேன்.

அன்று நானே ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் பீடி எடுக்கும்போதெல்லாம், "கொஞ்சம் இருங்கண்ணா, இந்தக் கடலக்காய உரிச்சுட்டுப் பத்தவைங்க" என்பேன். பேச்சிலேயே அரை மணி ஓடிவிடும். பாயில் படுத்துக்கொண்டு பிடிப்பதை விட்டார். ஆறு மாதத்தில், நாளைக்கு இரண்டு கட்டு என்பது ஏழெட்டுப் பீடியானது. விரல் புண்ணும் ஆறியது.

முழுசாக அவர் விடவே இல்லை. கேட்டால், "எல்லாத்தயும் உட்டுட்டா நீ எங்கூடப் பேசமாட்டியே" என்று சிரிப்பார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் ஒவ்வொரு முறையும் இன்னொரு கை கடலைக்காயை அள்ளி அவர் முன்னால் வைப்பேன்.