பள்ளிக்கூடத்துக்கு நான் எடுத்த சீர்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இதை எந்தச் சபையிலும் சொல்லுவேன், எனக்கு அதில் வெட்கம் கிடையாது. நாலாவது படித்தவன்தான் சிங்கப்பூரில் வானத்தைத் தொடுகிற கட்டடங்களுக்குக் கம்பி கட்டினான். திரும்பி வந்து, தன் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய அதே நிலத்தைக் கிரயம் பண்ணினான். ஒரத்தநாடு போகிற ரோட்டில், எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் மாடி வீடு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். என்னுடைய அறுப்பு மெஷின்கள் போகாத வயல் இந்தப் பக்கத்தில் கிடையாது. எனக்கு ஒரே மகள். அவள் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊசி போடுகிற படிப்பு இல்லை. சமூகவியல்.

அந்த மகள் போன வருஷம் ஆடியில், மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த சமயத்தில், ஆராய்ச்சிக்கென்று ஊருக்கு வந்தாள். மூன்று மாதம் தங்குவதாகச் சொன்னாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். ஒரே தெருவிலிருந்து சிலர் வெளிநாடு போகிறார்கள், சிலர் போவதில்லை. போனவர் பிள்ளை எங்கே போய்ப் படிக்கிறது, போகாதவர் பிள்ளை எந்த வகுப்பில் நின்றுவிடுகிறது, வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் தங்களை யாரென்று சொல்லிக்கொள்கிறார்கள், இதுதான் என்றாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவை.

தெரு என்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்களின் தெரு. நான் பிறந்தது அங்கேதான். வீடு கட்டிக்கொண்டு நான் ரோட்டுக்கு வந்துவிட்டேன். என் அண்ணன் அங்கேயே இருந்து காலமானார். அண்ணி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அண்ணியின் மகனும் என் மகளும் ஒரே வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆறாவதுக்கு நான் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி மகளைத் தஞ்சாவூர் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தேன். அவன் பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குப் போய்ப் பத்தாவதில் நின்றான். இப்போது மலேசியாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான்.

"அவன் ஏன் நின்னான்னு பெரியம்மா வாயால கேக்கணும்பா. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதுக்காகத்தான். அவங்க பேசலன்னா எனக்கு இந்த ஊரை எழுதவே முடியாது" என்று வந்த அன்றைக்கே சொன்னாள்.

இதில் என்ன பிரமாதம், நான் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி பேசிவிட்டுப் போகிறார் என்றேன். நீங்கள் சொல்லவே கூடாது என்றாள்.

தினமும் காலையில் கிளம்பித் தெருவுக்குப் போனாள். நூறு நாள் வேலையில் பெண்கள் வாய்க்கால் கரைக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியில் அந்த வழியே போகும்போது பார்ப்பேன். என் மகள் கரையில், சேற்றில், அவர்களோடு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் தூக்குச்சட்டியிலிருந்து பழைய சோற்றை அள்ளி மூடியில் வைத்துக் கொடுப்பார்கள்.

"இதுக்கா ஆயி பிளேன் ஏறிப் போயிப் படிச்ச? எங்க கதைய எங்ககிட்டயே கேக்குறதுக்கு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"கேட்டாத்தானே தெரியும் அத்தை."

"எங்க வீட்டுக்காரு இத்தனை வருஷமா கூடவே படுத்துக் கெடக்காரு, ஒரு நாளு கேட்டதில்ல. நீயாவது கேளு."

கரை முழுக்கச் சிரிப்பு. என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அண்ணி மட்டும் பிடி கொடுக்கவில்லை. நடவு முடியட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். கடைசியில் ஒரு நாள், "வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகல. வா புள்ள, உக்காந்து பேசுவோம்" என்று சொல்லிவிட்டாராம். மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சரி, பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறது, நம் பங்குக்கும் ஒன்று செய்வோம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இப்போது கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் வீட்டார் தட்டு வரிசை எடுத்துப் போகிறார்கள் அல்லவா, அதுபோல ஊர்க்காரர்கள் கூடி அரசுப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களை மேளத்தோடு சுமந்துபோய்க் கொடுப்பது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுச் செய்வார்கள். நான் வரி போடவில்லை. பீரோ, நாற்காலிகள், மின்விசிறிகள், தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின், சுவர்க் கடிகாரம், எல்லாம் என் செலவு. ஒவ்வொன்றிலும் உபயம் என்று போட்டு என் பேர், கீழே மகள் பேர், பக்கத்தில் அவள் பட்டம், சிவப்புப் பெயிண்டில் எழுதவைத்தேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஆள் எடுத்த சீர் என்றால் இன்றைக்கும் அது என்னுடையதுதான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சீரை வியாழக்கிழமை எடுத்தோம். முதல் நாளே என் மனைவி தெருவில் வீடு வீடாகப் போய், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு தட்டு தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். பெண்கள் எல்லாரும் வந்தார்கள். நோட்டு, பழம், பென்சில் டப்பா, மாலை என்று தட்டுத் தட்டாக என் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது. அண்ணி குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் பழத் தட்டோடு முன்னால் நடந்தார். அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். மகள் ஓரமாக நடந்து வந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் என் காதருகே வந்து, "ஏம்பா, இது அவங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். அவங்களுக்குக் குடுக்குற சீரை அவங்க தலையிலயே தூக்க வச்சிருக்கீங்க" என்றாள். மேளச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

தலைமை ஆசிரியை அம்மா என்னைப் பேசச் சொன்னார். மைக்கைக் கொடுத்தால் நான் பின்வாங்குகிறவன் இல்லை.

"நான் நாலாவது. எம் பொண்ணு உலகத்தைச் சுத்துது. ரெண்டு பேரும் இந்தப் பள்ளிக்கூடத்துத் தரையில உக்காந்தவங்கதான். படிக்கிறதுக்குக் காசு பணம் பெருசு இல்லங்க. மனசு வேணும். மனசு இருக்குறவன் மேல போறான், மனசு இல்லாதவன் பாதியில நின்னுடுறான். அவ்வளவுதான் விஷயம்!"

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. தலைமை ஆசிரியையும் கை தட்டிக்கொண்டிருந்ததால் அண்ணியிடமிருந்து தட்டை வாங்க யாரும் இல்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் மகள் தெருவுக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் உட்கார்ந்தாள். என்னம்மா, அண்ணி பேசினாரா என்று கேட்டேன்.

"'தம்பிதான் மைக்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரே ஆயி, அதையே எழுதிக்க'ன்னுட்டாங்க."

"மத்தவங்க?"

"என்ன கேட்டாலும் 'அப்பா நல்லா செஞ்சாரு'ங்குறாங்க. நான் போனா எந்திரிச்சு நிக்குறாங்க. நேத்து வரைக்கும் கையைப் புடிச்சு இழுத்துத் தரையில உக்கார வச்சவங்க, இன்னிக்கு நாற்காலி எடுத்துப் போடுறாங்கப்பா."

"மரியாதைதானே?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து, "ஏங்க, வாய வச்சுக்கிட்டு ஒரு நாளு சும்மா இருக்கக் கூடாதா நீங்க?" என்றாள். நான் டிவியைப் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் போய்ப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, போனை மேஜையில் வைத்து, "சரி, நீங்க சொல்லுங்க" என்றாள். என்னிடம் கதைக்கா பஞ்சம்? சிங்கப்பூர், முதலாளி, நிலம், மெஷின், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எம் பேரை முழுசாப் போடு" என்றேன்.

"யாரு பேரும் வராதுப்பா. 'ஒரு தகப்பனார்'னு வரும்."

"ஊர்ல ஆயிரம் தகப்பன் இருக்கான்."

"ஆமா. அப்படித்தான் எழுதுவோம்."

பிறகு கேட்டாள். "நானும் பெரியம்மா மகனும் ஒரே வகுப்பு. அவன் என்னைவிட நல்லாக் கணக்குப் போடுவான். நான் போனேன், அவன் நின்னுட்டான். ஏன்ப்பா?"

"அவனுக்குப் படிப்புல மனசு இல்ல."

போனை எடுத்து ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். "நான் நாகப்பட்டினம் பக்கம் போறேன். கடலோரத்துல வேற ஊரு பாக்கணும்" என்றாள். புரட்டாசி பிறப்பதற்குள் போய்விட்டாள். நாகூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கியிருப்பதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. என் சுபாவம் அப்படி. சிங்கப்பூரில் இருந்தபோது அப்பா செத்துப்போன செய்தி வேலை நடுவில் வந்தது. அன்றைக்கு ஒரு தளம் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் நிறுத்த முடியாத வேலை. நான் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். இறங்கி, கை கால் கழுவி, வரிசையில் நின்று சோறு வாங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மகள் போன பிறகும் அப்படித்தான். விடிந்தால் மெஷினுக்கு டீசல், டிரைவருக்குப் படி, யார் வயல் முதலில், யார் வயல் பிறகு. சம்பா நன்றாக வந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். மாடியில் அவள் அறைப் பக்கம் போகவில்லை, வேலை இல்லை, அதனால் போகவில்லை.

தை மாதம் எங்கள் அறுப்பு முடிந்ததும் வழக்கம்போல அண்ணி வீட்டுக்கு ஒரு மூட்டை புது அரிசி கொண்டுபோனேன். அண்ணி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உள்ள வைங்க" என்றார். "பாப்பா எப்படி இருக்கு?"

"இன்னும் நாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கு. உங்களாலதான் போச்சு."

நான் சும்மாதான் சொன்னேன். அண்ணி புடைப்பதை நிறுத்தவில்லை.

"என்னால போச்சா? மனசு இல்லாதவனப் பெத்தவகிட்ட அதுக்கு என்ன வேலை?"

"மைக்ல பொதுவாச் சொன்னதுங்க அது. உங்க மகனைச் சொல்லல."

"ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு தம்பி. கையில உங்க தட்டு. எங்கிட்டு முகத்தத் திருப்புறது?" முறத்தைக் கீழே வைத்தார். "தஞ்சாவூர் ஸ்கூல் வேன் உங்க வீட்டு வாசல்லேர்ந்து ஏத்திக்கிட்டுப் போவும். எம் மகன் மதகு மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான். அவன் பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் பூரா கணக்கு வாத்தியாரே கெடையாது. வாத்தியாரு வராத பள்ளிக்கூடத்துல இவன் மனச வச்சு என்ன பண்றது? அதுக்கு மேல நடந்தது வேற இருக்கு."

"என்ன நடந்துச்சு?"

"உங்ககிட்ட சொல்றதுக்கு இல்ல. பாப்பாகிட்டன்னா சொல்லுவேன்."

அண்ணி என்னைப் பார்த்து இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா உங்கிட்ட பேசணுங்குறாங்க" என்றேன்.

"நீங்க சொல்லிப் பேச வைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாத்தான்."

"அப்படின்னா போனை அவங்ககிட்ட குடுத்துட்டு வெளிய போங்கப்பா. காது கேக்காத தூரத்துக்கு."

கொடுத்தேன். அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் போகும்வரை காத்திருந்தார். நான் தெருவைத் தாண்டி வாய்க்கால் கரைக்கு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் அண்ணி நிலைப்படியில் உட்கார்ந்திருப்பது தெரியும், பேச்சு கேட்காது. முதலில் தலை குனிந்திருந்தது. பிறகு ஒரு கை எழுந்து எழுந்து இறங்கியது.

தெருக்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, இங்க வந்து நிக்குறீங்க? மெஷினு எங்க வயலுக்கு எப்ப வரும்? போன் போட்டா பேசிக்கிட்டே இருக்கீங்க."

"நான் பேசல. அண்ணி பேசுறாங்க" என்றேன்.

"அம்புட்டு நேரமாவா? யார்கிட்ட?"

மகளிடம் என்று சொன்னேன். என்னத்தை என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் தெரியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது, ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அறுப்புக்காலம், மெஷின் கேட்டு இன்னும் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்களோ. வெயில் ஏறியது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் போய்க் கேட்கவில்லை.