பட்டன்காரர் போட்ட ஓட்டு

பர்மாவின் லத்தா கடைவீதியில் பட்டன் என்றால் பீர் முகைதீன் கடைதான். ஐம்பத்தெட்டு வயதாகிறது, இதுவரை யாரையும் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் குணத்தை ஆம்ஸ்டர்டாம்வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார், பாவி மனுஷன்!

அந்த ஊர்க் கம்பெனி ஒன்று இங்கே லைங் தாயா தொழிற்பேட்டையில் சட்டை தைத்து வாங்கியது. பட்டன் இவருடையது. மூன்று லோடு போனபிறகு, பணத்துக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனி நொடித்துவிட்டதாம், ஆனால் மூடாதாம். அங்கே சில வருஷத்துக்கு முன் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். பாக்கிக்காரர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, நூற்றுக்கு இருபது வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடச் சம்மதமா என்று ஓட்டுக் கேட்பார்களாம்.

"என்னைய எந்த வகுப்புல போட்டிருக்கான்?" என்று மகள் ருக்சானாவைக் கேட்டார்.

"சின்ன வியாபாரிங்க வகுப்பு, வாப்பா."

"நாலாங்கிளாஸுக்கு மேல என்னைய எவன் விட்டான்!"

சிரிக்கிற நேரமா இது? மாதக் கடைசியில் வருஷ வாடகையை மொத்தமாக வைக்காவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் கட்டிடக்காரம்மா டோ கின் சீ. முழுப்பணமும் வந்தால்தான் கடை நிற்கும். அதனால் ஓட்டு 'நோ'தான். இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று 'நோ' சொல்லிப் பழகினார். விலை கேட்டு வந்த ஒருத்தியிடமும் சொல்லிவிட, அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

ஓட்டு நாளில் வீடியோவில் கம்பெனியின் வக்கீலம்மா வந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் இவர் "ஹோக்கே" என்றார். பர்மாவில் ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்குத்தான் இந்த ஹோக்கே. பர்மியர் பேச்சு, நம்மவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் அந்தம்மா கேட்டார்: "சம்மதமா?"

"ஹோக்கே" என்று சொல்லிவிட்டு, நோவுக்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அந்தம்மா நன்றி சொன்னார். கரண்ட் போனது.

"நோ!" என்று இருண்ட திரையைப் பார்த்து முழங்கினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ வாப்பா! அந்தம்மா காதுல ஓக்கேன்னுல்ல விழுந்திருக்கும்!"

ருக்சானா உட்கார்ந்து, ஹோக்கே வேறு ஓக்கே வேறு என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். நாலாம் நாள் பதில் வந்தது. மன்னிக்கவும், உங்கள் ஓட்டை 'நோ' என்று திருத்திவிட்டோம். ஆனால் பேங்குகளின் வகுப்பு சம்மதித்துவிட்டது, கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அது உங்களையும் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நூற்றுக்கு இருபது.

"எதைச் சொன்னாலும் இருபதுதானா? அப்ப என்னைய எதுக்கும்மா கேட்டானுங்க?" அழுதேவிட்டார்.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. அந்த இருபது கைக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு நேரே டோ கின் சீயிடம் போனார். ஐரோப்பாவின் புதுச் சட்டத்தை அரைமணி நேரம் விளக்கி, வாடகையிலும் நூற்றுக்கு இருபதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"என் வகுப்புல எத்தனை பேரு?" என்றார் அந்தம்மா.

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஓட்டு எண்ணிடலாம். முடியாது."

என்ன சுத்தமான முடியாது! பீர் முகைதீனுக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தம்மாவே ஒரு வழியும் சொன்னார். இருபதை இப்போது வைக்கட்டும், மீதிக்குப் பதில் கடையின் முன்பாதியைத் தரட்டும். அங்கே அவருடைய மருமகன் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை போடுவான். பீர் முகைதீன் கையெழுத்துப் போட்டார்.

இப்போது முன்பாதியில் விடிந்தால் கூட்டம். பட்டன் பெட்டியெல்லாம் மீன்குழம்பு வாசனை. முதல் நாளே ஒரு கஸ்டமர் இவரை வேலையாள் என்று நினைத்துக் காலிக் கிண்ணத்தை நீட்டினார். நான் இந்தக் கடைக்கு முதலாளி என்று சொல்ல வாயெடுத்த பீர் முகைதீன், கிண்ணத்தை வாங்கிப் போய், சூடாகக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.