விமானங்களுக்குக் கோடு போட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆற்றிக்கொண்டு எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

மலர் போடுவது என்று முடிவான அன்றே பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் எழுது கண்ணு. அந்தப் பிளேன் சமாச்சாரம் மட்டும் வேண்டாம். நாலு பேர் படிக்கறது, குடும்பத்துக்குக் கேவலம்" என்றார். பக்கத்தில் இருந்த அத்தையும், "ஆமா கண்ணு, தவறாம கோயிலுக்குப் போவான், பெரியவீங்களுக்கு மரியாதை குடுப்பான்னு எழுதிப்போடு, போதும்" என்றார். அண்ணன் கோயிலுக்குப் போனதும் மரியாதை கொடுத்ததும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் நீங்கள் படிப்பது வேறு யாரோ ஒருத்தருடைய அண்ணனைப் பற்றியதாக இருக்கும்.

அண்ணன் மடத்துக்குளத்தில் பிறந்தவர். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. கிணறு வற்றிய பிறகு அப்பா எங்களைத் திருப்பூருக்கு அழைத்து வந்து, அங்குள்ள ராயபுரத்தில் குடி வைத்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா, நான் என்று வீட்டுச் சுமை முழுவதும் அண்ணன் தலையில் விழுந்தது. பாரம் தூக்கக் கூடாது, நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாயப்பட்டறைக்கும் போக முடியாது, நிட்டிங் மிஷினிலும் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடி, பனியனில் படம் அச்சிடும் பிரிண்டிங் பட்டறையில் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தார். குழந்தைகள் சட்டையில் வரும் வாத்து, கார், கரடி எல்லாவற்றையும் நிறத்துக்கு ஒன்றாகப் பிரித்து, கண்ணாடி போன்ற டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து கொடுக்கும் வேலை. அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார்.

எண்பதுகளின் நடுவில், பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர், இந்த விமானம் போலச் சட்டையில் படம் வேண்டும் என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி உள்ளங்கை அளவு விமானம் செய்யும் பெட்டி அது. ஆர்டர் முடிந்ததும் பட்டறையில் அதைச் சீந்துவார் இல்லை, அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். விமானத்தின் மேல் ஒட்ட வேண்டிய எழுத்துகளும் கோடுகளும் தனியாக ஒரு தாளில் இருந்தன. அது பழையதாகிப் போனதால் தண்ணீரில் நனைத்ததும் தூள் தூளாக உதிர்ந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். அண்ணன் டிரேசிங் பேனாவை எடுத்துக் கையாலேயே போட ஆரம்பித்தார்.

அது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒருநாள் முயன்று பார்க்கட்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் மை நிற்காது, முத்து முத்தாகத் திரண்டு ஓடும். அண்ணன் பல்பொடியை விரலில் தொட்டு மெதுவாகத் தேய்த்து வழவழப்பைப் போக்குவார். பிறகு சுண்டுவிரலை மேசையில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் கோடு போடுவார். தகடுகள் சேருமிடம், கதவின் விளிம்பு, ஆணித் தலைகள், ஜன்னல் வரிசை, இறக்கையில் 'இங்கே மிதிக்காதே' என்று கடுகை விடச் சிறிய எழுத்து, எஞ்சினுக்குப் பின்னால் லேசாகப் படிந்த கரி. தவறிவிட்டால் தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. தெரிந்தவர்கள் மூலம் அப்படி ஒவ்வொரு பெட்டியாகச் சேர்ந்து, கூடத்து அலமாரி நிறைந்தது.

இதற்குத்தான் நம் சொந்தத்தில் 'பொம்மைக்காரன்' என்று பெயர் வைத்தீர்கள். பொழுது விடிந்தால் சீட்டாடப் போகிறவர்கள் நம் வகையறாவில் இல்லையா? அவர்களுக்கெல்லாம் பெண் கிடைத்தது. குடித்துவிட்டு விசேஷ வீட்டில் பந்தியைக் கலைத்தவரை 'கொஞ்சம் சத்தமாப் பேசுவார், அவ்வளவுதான்' என்றீர்கள். வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து கோடு போட்டவர்தான் உங்களுக்குக் கேவலமாகத் தெரிந்தார்.

அண்ணனுக்குப் பெருமாநல்லூரில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று அத்தை முதல் நாளே வந்து ஒட்டடை அடித்துக் கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் அலமாரியில் இருந்த விமானங்களையும் எடுத்துப்போய், பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டார். "ஒரே அழுக்கு கண்ணு. கரியும் கோடுமா இருந்துச்சு. இப்பப் பாரு, பளிச்சுனு இருக்குது" என்றார். அண்ணன் பார்த்துப் பார்த்துப் போட்டதெல்லாம் சாக்கடையில் போயிருந்தது. நான் கத்தினேன். வேலை முடிந்து வந்த அண்ணன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடு கண்ணு, அத்தைக்குத் தெரியாதுல்ல" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "ஏனுங்க, இந்தப் பிளேனெல்லாம் யாருதுங்க?" என்று கேட்டார்.

அத்தை முந்திக்கொண்டு, "பக்கத்து ஊட்டுப் பசங்க வெச்சுட்டுப் போனதுங்க" என்றார்.

"இல்லீங்க, என்னுதுங்க" என்றார் அண்ணன். "அதுல கோடெல்லாம் நான் போட்டதுங்க. நேத்து அழிஞ்சுபோச்சு. மறுபடி போடோணுமுங்க."

"சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்று அவர் பாதிக் காபியோடு எழுந்தார். அதன்பிறகு தகவலே இல்லை. ஒரு பொய்க்குத் தலையாட்டியிருந்தால் அண்ணனுக்குக் குடும்பம் அமைந்திருக்கும். அவர் ஆட்டவில்லை. தன்னுடையது என்று அவரே சபையில் சொன்னதை மறைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கெட்டுப்போன வால்வு கடைசியில் தன் வேலையைக் காட்டியது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார், நர்சுகளிடம்கூட ஒரு சுடுசொல் பேசாமல் போய்ச் சேர்ந்தார். இதயம்தான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்ன பிறகும், "குனிஞ்சு குனிஞ்சு பிளேனைப் பார்த்தே ஆள் போயிட்டான்" என்று பந்தலில் உட்கார்ந்து பேசியவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. அவர்களுக்கும் இந்த மலர் வந்திருக்கும்.

போன வாரம் மலரின் அட்டைகள் மட்டும் முதலில் அச்சாகி வீட்டுக்கு வந்தன. படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றிருந்தார். அண்ணனின் நண்பர் செல்வராஜ் பட்டறையில் எடுத்த படம் அது. அண்ணன் ஒரு விமானத்தை மூன்று விரலால் பிடித்து நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம். அட்டையில் சிரிப்பு இருந்தது, குவிந்த விரல்கள் இருந்தன, விமானம் இல்லை. ஸ்டுடியோவில் சொல்லி, அதன் மேல் சுவரின் நிறத்தில் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

"விபூதி எடுக்கற மாதிரி நல்லாத்தான இருக்குது கண்ணு" என்றார் பெரியப்பா.

நான் உள்ளே போய் அண்ணனின் பேனாவை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன்.

"அச்சான அட்டையில என்ன கிறுக்கறே?"

"இருந்ததைத்தானுங்க பெரியப்பா வரையறேன்."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருடமும் பெரியவர்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத அம்மா எழுந்து வந்தார். நான் வரைந்து முடித்த அட்டையை வாங்கி, மை கலையாமல் ஊதி, பாயில் காய வைத்தார். "அடுத்ததைப் போடு கண்ணு" என்றார். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லா அட்டையும் முடிந்த பிறகு இந்தப் பக்கங்களை நானே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பட்டறை நண்பர்களுக்கும், படம் எடுத்த செல்வராஜ் அண்ணனுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் என் மரியாதை குறையவில்லை, கோபமும் குறையவில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இறக்கை கோணலாக இருக்கும், ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று சேராது. எனக்கு அவ்வளவுதான் வரும், அதற்கு என்னைத் திட்டுங்கள். எங்கள் அண்ணன் வெறுங்கையோடு உங்கள் வீட்டுக்கு வரவில்லை.