சீனத்துக் கோயிலின் பிறைக்கட்டைகள்

எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்டுத்தான் செய்வோம். பூசாரி அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் அந்தக் காரியத்தை விட்டுவிட வேண்டும். என் கல்யாணம் அப்படிக் கேட்டுத்தான் நடந்தது. பினாங்குக்கு வேலைக்குப் போனதும் அப்படித்தான்.

போன ஐப்பசியில் சேலத்து டாக்டர் என் மனைவியின் வயிற்றுக் கட்டியைப் பற்றிச் சொன்னபோது கோயில் பூட்டிக் கிடந்தது. முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுக் கோர்ட்டுக்குப் போக, அதிகாரிகள் வந்து கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

"ஆபரேஷன் செஞ்சா கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம். மேஜையிலேயே முடிஞ்சும் போகலாம். ஊட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேசுவதென்றால் நாங்கள் இரண்டு பேரும் அம்மனும்தான். பரமத்தி வேலூரில் ஒரு காருக்குச் சொல்லி வைத்துவிட்டேனே தவிர, உத்தரவு இல்லாமல் அவளைக் கத்திக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அப்போதுதான் பெட்டியில் கிடந்த கட்டைகள் நினைவுக்கு வந்தன.

பினாங்கில் நான் வேலை பார்த்த கிடங்கை ஒட்டி ஒரு சீனத்துக் கோயில். உள்ளே வெள்ளைத் தாடி வைத்த தாத்தா சாமி. கப்பலில் கூலிக்கு வந்த சீனர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் ஊதுவத்திச் சாம்பலைச் சிவப்புத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்களாம். நாம் பிடிமண் எடுத்துப்போய் வேற்றூரில் கோயில் கட்டுகிறோமே, அதுபோல. அந்தச் சாம்பல் போட்ட சட்டியைச் சுற்றி முதலில் தகரக் கொட்டகை போட்டு, பிறகு ஓடு வேய்ந்து, கடைசியில் டிராகன் ஏறிய கூரை கட்டியிருக்கிறார்கள். சட்டி நிறைந்தால் வழித்து எடுப்பார்கள். ஆனால் அடியில் ஒரு பிடி பழைய சாம்பல் எப்போதும் இருக்கும்.

சாமியிடம் கேட்க அவர்களுக்குப் பூ இல்லை, பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. மனதில் கேட்டுக்கொண்டு கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக மேலே தெரிந்தால் சரி. இரண்டும் மேடாக இருந்தால் கூடாது. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்து ஆடினால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறது என்று பொருள். பெரிய காரியத்துக்கு மூன்று முறை தொடர்ந்து சரி விழ வேண்டும். கோயிலைப் பார்த்துக்கொண்ட சீனத்து அம்மா எனக்குக் கொச்சைத் தமிழில் இதையெல்லாம் சொன்னாள். நான் ஊருக்குப் புறப்பட்டபோது தேய்ந்த ஜோடி ஒன்றைக் கையில் வைத்து அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, கட்டைகளுக்கும் விபூதி வைத்தேன். கட்டிலில் சாய்ந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நம்ம அம்மனுக்குச் சீனத்துப் பாசை தெரியுமுங்களா?"

"சும்மா இரு அம்மிணி. சாமியெல்லாம் ஒண்ணுதான்."

"அப்பப் பங்காளிகளுக்கு மட்டும் எதுக்குங்க ரெண்டு சாவி?"

ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டுப் போட்டேன். இரண்டும் தட்டையாக விழுந்து ஆடின. மறுபடி போட்டேன். அதே. வேண்டாமா என்று மாற்றிக் கேட்டேன். அப்போதும் அதேதான்.

"என்னங்க சொல்லுது?"

"சிரிக்குது."

"சிரிக்கட்டும். என்னையாட்டப் பொம்பள எத்தன பேரப் பாத்திருக்கும். இங்க குடுங்க."

வீங்கிய விரல்களில் அவளால் கட்டைகளைச் சரியாகப் பிடிக்கக்கூட முடியவில்லை. கட்டில் ஓரத்திலிருந்து நழுவவிட்டாள். ஒன்று தட்டை, ஒன்று மேடு. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் சரி. மூன்றாவதும் சரி.

"என்ன கேட்ட?"

"ஊட்டுலயே கெடக்கட்டுமான்னு கேட்டனுங்க. கத்தி வேண்டாம். காருக்காரர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"டாக்டர் கொஞ்ச நாள் கூடக் கிடைக்கும்னாரே."

"அந்த நாள வெச்சு என்ன பண்றதுங்க? இப்பவே எனக்குக் கஞ்சி காய்ச்சியே உங்க கை வெந்து கெடக்குது."

அம்மனே சொன்ன பிறகு நான் எதிர்த்துப் பேச முடியுமா? காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. கஞ்சித் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை. வலி வரும்போது அம்மன் பெயரைச் சொல்கிறாள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். கோயில் இன்னும் திறக்கவில்லை. நான் விளக்கு வைக்காத நாளில்லை, ஆனால் அம்மனிடம் எதையும் கேட்பதில்லை. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.