மஞ்சள் பூசிவிட்டு வெட்டிய கிளை

ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் எங்கள் ஆபீஸ். இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். எழுதுவது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. யாரோ எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு, வார்த்தைகளை மாற்றி மாற்றி அடிப்பேன். முடித்ததும் அதை ஒரு மென்பொருளில் போட வேண்டும். மூலத்தோடு ஒத்துப்போகும் வரிகளை அது சிவப்பாகக் காட்டும். எல்லா வரியும் பச்சையாகிவிட்டால் கட்டுரை புதுசு, நான் எழுத்தாளர்.

சீக்கிரம் பச்சையாக்க எங்கள் ஓனர் ஒரு வழி வைத்திருந்தார். கடைசியில் இருப்பதை முதலில் போடு, முதலில் இருப்பதைக் கடைசிக்குத் தள்ளு. இதில் நான் புலி. மூட்டு வலி, கார் இன்சூரன்ஸ், குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், எதைக் கொடுத்தாலும் மத்தியானத்துக்குள் தலைகீழாக்கிவிடுவேன். அதில் எனக்குப் பெருமைதான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே போல்ட் பொறுக்கியவள் நான். உட்கார நாற்காலியும் தலைக்கு மேல் ஃபேனும் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம்.

என் கணவரின் அக்கா எங்கள் வீட்டில் கீழ் போர்ஷனில் இருக்கிறார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காலை ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் சாப்பாட்டுக்கு முன்னால் மொட்டை மாடிக்குத்தான் போவார். அங்கே பழைய பெயிண்ட் வாளிகளில் ரோஜா வைத்திருக்கிறார். அண்ணிக்குப் பக்கத்து வீட்டம்மாவிடம் தெலுங்கு, பூக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் தமிழ். தளி ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ரோஜா வளர்ப்பதைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுதுவாள். அண்ணி அதை எனக்கு வாசித்தே காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே எழுதுகிறாள் என்று உருகுவார். வலைப்பூவின் முகவரியை என் போனுக்கு அனுப்பியதும் அவர்தான். மறுவாரமே அதை ஆபீஸில் திறந்து வைத்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ரோஜாக் கிளையை எப்படி வெட்ட வேண்டும் என்பது கட்டுரை. கிளையை வெட்டு, வெட்டிய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசு, துளிர் வந்தபிறகு உரம் போடு என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். நான் என் கைவரிசையைக் காட்டினேன். முதலில் உரம், அடுத்து கிளையில் மஞ்சள் பூசவும், அதன்பின் அந்தக் கிளையை வெட்டவும். ஒரு வரிகூடச் சிவப்பில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஓனர் என்னைக் கூப்பிட்டு, கட்டுரைக்குக் கீழே யாரோ சண்டை போடுகிறார்கள், மரியாதையாகப் பதில் போடு என்றார். திறந்து பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம் எங்கள் வீட்டு மாடி ரோஜா. அண்ணி கேன்டீனில் இருந்தபடி எழுதியிருந்தார்: “இது அந்தப் பொண்ணு எழுதுனது. திருடுனதுதான் திருடுனீங்க, ஒழுங்காவாவது திருடக் கூடாதா? மருந்து கட்டிட்டு அப்புறமா காலை ஒடைப்பீங்களா?” ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று அடித்துவிட்டு, அன்று முழுக்க வேறு எதையும் தொடவில்லை.

சாயங்காலம் அண்ணி டீயை ஆற்றிக்கொண்டே அந்த நன்றியை எனக்கு வாசித்துக் காட்டினார். இப்படி எழுதியவளுக்குச் சூடு சொரணை இருக்குமா என்று என்னிடமே நியாயம் கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அண்ணி, அது நான்தான்” என்றேன்.

முதலில் நம்பவில்லை. நம்பியதும் சிரித்தார். மஞ்சள் பூசிவிட்டு வெட்டுவதை நினைத்து நினைத்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், தப்பித்தோம் என்று. சட்டென்று நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்று கேட்டார்.

அன்றைக்கே அவளுக்கு எழுதினேன். அதை எடுத்துவிடுங்கள், யாராவது நம்பி வெட்டிவிடப் போகிறார்கள் என்று மட்டும் பதில் வந்தது. ஓனரிடம் சண்டை போட்டு எடுக்க வைத்தேன். ஆனால் அண்ணி மாறிவிட்டார். சாம்பார் பற்றிப் பேசுவார், கம்பெனி பற்றிப் பேசுவார். மாடியில் நான் போய் நின்றால் மட்டும் வாய் திறக்க மாட்டார். எந்தச் செடிக்கு என்ன போடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, “எதுக்கு? நாளைக்கே தலைகீழா போடவா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரோஷத்தில் நானே நர்சரியில் இரண்டு செடி வாங்கி வந்தேன். ஒன்றைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். இன்னொன்றை அண்ணி செய்வதைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன், மஞ்சள் பூசினேன், காத்திருந்தேன். சிவப்பாய்த் துளிர் வந்த அன்று ஆபீஸுக்கு லீவு போட்டேன். பூத்ததும் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எதிரில் எந்தக் கட்டுரையும் திறந்திருக்கவில்லை. அண்ணியைப் பார்த்துக் கற்றது என்று அவர் பெயரையும் போட்டு, மாடிக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டார். வரிசை சரிதான் என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு பேரு எங்க?” என்றார்.

இதில் அவள் எழுத்து ஒன்றுகூட இல்லையே, எல்லாம் உங்களிடம் பார்த்ததுதானே என்றேன்.

“நான் மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தேன்? மஞ்சள் பூசறது அவ சொல்லிக் குடுத்தது. முதல்ல அவ பேரு, அப்புறம் எம் பேரு.”

வாளி ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரை முதல் வரியில் சேர்த்தேன். அண்ணி போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த வாளியைக் காட்டி, இந்தச் செடிக்கு எப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போனைக் கையில் வாங்கினேன்.