லாரிக் கொட்டகைக்கு ஒரு ஜன்னல்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் துரைக்கண்ணு என்றால் செஞ்சியில் தெரியாதவர் இல்லை. கல் உடைத்தேன், லாரி வாங்கினேன், வீடு கட்டினேன். எதற்கும் எவன் தயவும் தேடியதில்லை. தோட்டத்து மூலையில் லாரிக்குத் தனிக் கொட்டகையும் போட்டேன். ஓர் அங்குல மண்ணையும் விடக் கூடாதென்று, எல்லைக் கயிற்றை ஒட்டியே பின்சுவர் எழுப்பினேன். ஒன்றரை அடி கனம், முழுக்கக் கருங்கல்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மனைவி இறந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. லாரியையும் விற்றுவிட்டேன். அதன் பிறகு வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

அந்த லாரியை இருபது வருஷம் ஓட்டியவர் அன்வர் பாஷா. அவரும் மனைவியை இழந்து, பக்கத்து ஊர் அனந்தபுரத்தில் மகன் வீட்டில் இருந்தார்.

"வந்துடு பாய். வீடு சும்மாத்தான் இருக்குது" என்றேன்.

"உன் வீட்லயா? லாரியில நீ அதட்டினது போதாதா? தனியா ஒரு ரூம் குடு, வரேன். தொழறதுக்கும் தோதா இருக்கும்."

அன்றே கொட்டகையை அறையாக்க இறங்கினேன். தகரக் கதவைக் கழற்றி முன்பக்கம் சுவர் வைத்தேன். தரை போட்டுச் சுண்ணாம்பும் அடித்தேன். என் இடம், யாரைக் கேட்க வேண்டும்? கரண்டுக்கு எழுதிப் போட்டபோதுதான் பஞ்சாயத்து அனுமதி கேட்டார்கள். ஓவர்சியர் அரிகிருஷ்ணன் வந்து டேப்பு பிடித்தார்.

"லாரி நிறுத்தத்தான், பெரியவரே, உத்தரவு குடுத்தது. ஆளு குடியிருக்கணும்னா எல்லையிலேர்ந்து மூணடி விடணும், பின்னால ஜன்னல் வேணும். சுவரை உள்ள தள்ளிக் கட்டுங்க, கையெழுத்து போடறேன்."

"இந்தச் சுவரை இடிக்கிறதா? இன்னா தம்பி, இது எத்தினி புயல் பாத்துது தெரியுமா?"

"சுவரு நல்லாத்தான் இருக்குது. லாரி மூச்சு விடாது, மனுசன் விடுவான்."

போய் வா என்று அனுப்பிவிட்டேன். இடிக்காமலே அனுமதி வாங்கிக் காட்டுகிறேன் என்று இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். மாதம் ஒரு தடவை அன்வர் பாஷா பஸ்ஸில் வருவார்.

"இன்னா துரை, சுவரு நிக்குதா?"

"கட்டினது யாரு? நிக்கும்."

"அப்ப நீயும் அதுவும் பேசிக்கினு இருங்க" என்று சிரிப்பார்.

எண்பத்தாறில் அவர் மகனுக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் அன்று சிரிக்கவில்லை.

"ரூம் முடிஞ்சிருந்தா இங்கயே இருந்துடுவேன் துரை."

"ஒரு ஆறு மாசம் பொறு பாய்."

"பொறுத்தாச்சுப்பா."

அடுத்த வாரமே ஆள் விட்டேன். நான்கு பேருக்கு ஐந்து நாள் பிடித்தது அந்தச் சுவரை இடிக்க. அப்படிக் கட்டியிருந்தேன். மூன்றடி உள்ளே புதுச் சுவர் வைத்து, அதில் ஜன்னலும் வைத்தேன். அரிகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டார், கரண்டும் வந்தது. 'ரூம் ரெடி, வா' என்று என் கையாலேயே கார்டு எழுதிப் போட்டேன்.

பதில் மகன் எழுத்தில் வந்தது. அத்தாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, இனித் தனியாக விட முடியாது என்று இருந்தது.

மத்தியானத்தில் இப்போது அந்த அறையில்தான் படுக்கிறேன். ஜன்னல் வழியே கோட்டை மலை தெரிகிறது, காற்றும் வருகிறது. ஓவர்சியர் சொன்னது சரிதான், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டில் இரண்டு வாங்கிப் போட்டேன். மேற்குப் பக்கம், ஓர் ஆள் தொழுகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.