அவள் கேட்க வந்த படம்

கழுதை கெட்டால் குட்டிச்சுவர், போர்ச் செய்தியாளன் கெட்டால் சினிமா. கல்மண்டபத்து டீக்கடையில் இன்றும் என்னை 'ஹீரோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நான் நடிக்கப் போனது என் மனைவிக்காக.

கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்த வருடங்களில் நான் வானொலிக்காக அங்கே இருந்தேன். இங்கே ராயபுரத்தில் அவள் சாயங்காலமானால் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கிடப்பாள். எந்த ஊர் விழுந்தது, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவள் காதில் ஏறாது.

"உன் கொரலு வந்துச்சுன்னா நீ உசுரோட கீறன்னு அர்த்தம். எனுக்கு அது போதும்யா" என்பாள்.

பிறகு வானொலி வேலை போயிற்று. சர்க்கரை நோயில் அவளுக்குக் கண்ணும் போயிற்று. "இன்னொரு தபா ஊரே கேக்குற மாதிரி உன் கொரல கேக்கணும்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ஒரு சினிமாவில் வேடம் வந்தது. மகனைக் கடலில் பறிகொடுக்கும் விசைப்படகுக்காரர்.

சட்டைக்குள் மைக் மாட்டியதும் எனக்கு இருபது வயது குறைந்தது. போரில் ஒரு நாளும் குரல் தழுதழுக்க விட்டதில்லை. இங்கே நிஜமாகவே அழுதேன். மைக்கில் சொன்னது ஊருக்குப் போய்விட்டது என்பது வானொலிக்காரன் புத்தி. படப்பிடிப்பில் பிடிக்கும் குரலைக் கழித்துவிட்டு, பின்னால் ஸ்டுடியோவில் டப்பிங் பேசிச் சேர்ப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

படம் வந்த அன்றே திருவொற்றியூரில் ஒரு தியேட்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். புதுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். திரையில் என் முகம் வந்தது. வாயைத் திறந்தேன், வேறு யாரோ பேசினார்கள். கரை ஒதுங்கிய மகனைக் கட்டிக்கொண்டு அந்தக் குரல் கதறியது. நான் அழுத அழுகையை எந்தக் குப்பையில் போட்டார்களோ, நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

அவளும் அழுதாள். "பாவம்யா, யாரு அந்த ஆளு?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் சீனு எப்போ வரும்?"

"இடைவேளைக்கு அப்புறம்" என்றேன்.

இடைவேளைக்கு முன்பே என் பாத்திரம் செத்துப்போனது. மீதிப் படம் முழுக்க, புதிதாக யார் பேசினாலும் அவள் என் கையை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.